கருப்பாக வந்த தென்னந்தோப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு வரைபடத் தாள் கிடக்கிறது. வடகரைப் பக்கம் வெள்ளம் பரவிய இடங்களைக் காட்டும் படம். தண்ணீர் நின்ற வயல்கள் நீலம், நிற்காதவை பச்சை. ஆற்றோரத் தென்னந்தோப்பு ஒன்று மட்டும் மை கொட்டியது போலக் கருப்பு. கெட்டுப்போன தாள்தான். தூக்கிப் போட எடுப்பேன், திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.

தென்காசியில் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடம் தயாரிக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. பக்கத்து நாற்காலி அக்காவுடையது. கூடப் பிறந்தவள் அல்ல. வயதில் மூத்தவள் என்பதால் அக்கா. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால், "ஊரே குளிக்கப் போவுது, நாம இங்கன உக்காந்து அருவிக்கு நீலம் அடிச்சிக்கிட்டு இருக்கோம்" என்று சிரிப்பாள். அவள் வீடு வடகரையில். ஐப்பசி மழையில் ஆறு கரை உடைத்த அன்று, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடிப் போன அவள் வீட்டுக்காரர் திரும்பவில்லை. மாடு திரும்பி வந்தது.

எங்கே தேடுவது என்று பார்க்க, தேடும் ஆட்கள் எங்களிடம் படம் கேட்டிருந்தார்கள். அதைச் செய்ய அக்காவே வந்து உட்கார்ந்தாள். மேலாளர் பதறிப்போய் வீட்டுக்குப் போகச் சொன்னார். "வீட்டுக்கு வாரவுக எல்லாம் ஒண்ணுமில்ல, ஒண்ணும் ஆயிருக்காதுன்னே சொல்லுதாவ அண்ணாச்சி. கேக்க முடியல" என்றாள். அழவில்லை. நான் வாங்கி வைத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

திரையில் நன்றாக இருந்த படம் அச்சில் கெட்டு வந்தது. தோப்பின் மேல் மேகம் நின்றதால் செயற்கைக்கோளுக்கு அந்த இடம் தெரியவில்லை; திரையில் அதை வெறுமையாக விட்டிருந்தோம். தாளில் அது கருப்பு. பார்க்கிறவர்கள் குளம் என்று நினைத்து விலகிப் போவார்கள். மேலாளர் அச்சு இயந்திரத்தைத் திட்டினார். அக்கா அச்சுக்கு அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தாள்; அதிலும் கருப்பு. "பிரிண்டர் மேல தப்பில்ல தம்பி. ஜேபிஜியால்லா சேவ் ஆயிருக்கு. அதுக்கு வெறும் எடம்னா என்னன்னு தெரியாது, கருப்ப அள்ளிப் பூசிரும்" என்றாள். வெறும் இடத்தை அப்படியே விட்டுவைக்கும் பிஎன்ஜியாகச் சேமித்து எடுத்ததும் தோப்பு வெள்ளையானது. வேலை முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன்.

அவள் எழவில்லை. படத்தின் ஓரத்தில் நிறங்களுக்கு விளக்கம் எழுதும் கட்டத்தில், வெள்ளைக்கு நேரே 'ஒன்றுமில்லை' என்று இருந்தது. தகவல் ஒன்றுமில்லை என்பதைச் சுருக்கி அலுவலகத்தில் காலங்காலமாகப் போடுகிற சொல். "ஒண்ணுமில்லன்னு போட்டா அங்கன யாரு தம்பி தேடப் போவா?" என்றாள். அதை அழித்துவிட்டு 'தெரியவில்லை' என்று அடித்தாள். தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி வெள்ளையின் மேல் சிவப்புக் கோடுகளும் போட்டாள். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் எதுவும் அசையவில்லை.

மறுநாள் அந்தத் தோப்பில்தான் கிடைத்தார், சாய்ந்த தென்னைக்கு அடியில். துக்கம் கேட்க நாங்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். 'ஒண்ணுமில்லக்கா' என்பதுதான் வந்தது. விழுங்கிவிட்டேன். "கெடச்சிட்டாவல்லா தம்பி" என்றாள் அவள். எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப் போயிருந்தது.

அக்கா இப்போதும் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள். சாரல் வந்தால் ஜன்னலைச் சாத்துகிறாள், அவ்வளவுதான். எங்கள் படங்களில் 'தெரியவில்லை' நிலைத்துவிட்டது. நேற்று ஸ்டேப்ளர் தேடி என் இழுப்பறையைத் திறந்தவள் கையில் அந்தத் தாள் வந்தது. கருப்பாக இருந்த தோப்பை வெகுநேரம் பார்த்தாள்.

"இதையே குடுத்திருந்தா, இன்னைக்கும் வருவாவன்னு இருந்திருப்பேன்" என்றாள். தாளை இருந்த இடத்தில் வைத்து, இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.