சத்தத்தைக் கூட்டி வை

எங்கள் அப்பா அடிப்பதற்கு முன்னால் ஓர் ஒழுங்கு உண்டு. கதவைச் சாத்துவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், டிவி சத்தத்தைக் கூட்டி வைடா" என்பார். அதற்கப்புறம்தான் அம்மா மேல் கை வைப்பார். லிங்கராஜபுரத்தில் எங்களுடையது சுவரோடு சுவர் ஒட்டின வீடு. அம்மா கத்துவது வெளியே கேட்டுவிட்டால், சர்ச்சில் காணிக்கைப் பை பிடிக்கிற மனுஷனுடைய மானம் என்னாவது!

தொண்ணூற்றொன்றில் தம்பிக்கு ஏழு வயது. அலமாரி மேலிருந்த டிவியின் குமிழை எட்டிப் பிடித்துத் திருப்புவான். நான் குறுக்கே விழுந்து அடி வாங்குவேன், வாங்கினதற்கு மேல் அப்பாவைத் திட்டியும் விடுவேன். தம்பி டிவியைப் பார்த்தபடியே நிற்பான், திரும்ப மாட்டான். மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "நேத்து உங்க வீட்டுல ஒரே ஜாலி போல, டிவி அலறுச்சே!" என்று கேலி பண்ணுவாள். அம்மாவும் சிரித்து வைப்பாள்.

அப்பா செத்தார். அம்மா என்னோடு இருந்தாள். தம்பிக்குத் தொம்மலூரில் ஓர் ஆபீஸில் வேலை, பக்கத்திலேயே மாடி அறை. தொல்லை விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவன் கிரிக்கெட்டைக்கூடச் சத்தமில்லாமல்தான் பார்ப்பான். கொஞ்ச நாளாகத் தூக்கமே வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், ஒரு ஞாயிறு மதியம், அவனுக்குப் போன் போட்டேன். எடுத்தான். பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"அம்மாவ நல்லா பாத்துக்கக்கா" என்றான். வைத்துவிட்டான். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

கிடைத்த ஆட்டோவில் ஏறி, "சீக்கிரம் போப்பா" என்றேன்.

"ட்ராஃபிக்கு மேடம். பறக்கவா முடியும்?"

"பறந்து தொலை!"

மாடிப்படி அடியில் வீட்டுக்காரம்மா, கன்னடக்காரி, வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "உன் தம்பிக்கு இன்னிக்கி ஒரே குஷி. காலையிலேருந்து டிவி ஜோரா ஓடுது" என்று சிரித்தாள். நான் படியேறி ஓடினேன்.

கதவைத் தட்டினேன், உதைத்தேன். "தொறக்கலன்னா ஒடைப்பேன்டா! நான் ஒடைக்கிறவதான்னு உனக்குத் தெரியும்!"

திறந்தான். கையில் ரிமோட். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நேராகவே கேட்டேன்.

"சாகணும்னு நெனச்சியா?"

தலையாட்டினான்.

"இன்னிக்கா?"

"ம்."

"ஏன்டா?"

"அம்மா கத்துனது யாருக்கும் கேக்காம பண்ணது நான்தானேக்கா."

"அடப்பாவி! இத்தன வருஷமா இதையா சொமந்துக்கிட்டிருந்தே? ஏழு வயசுடா உனக்கு!"

"கேட்டிருந்தா யாராவது வந்திருப்பாங்க."

ரிமோட்டைக் கேட்டேன், தரவில்லை. "சரி, நீயே கொறைடா" என்றேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். சத்தம் முழுக்க அடங்கியதும், அவன் அடக்கி வைத்திருந்தது வெடித்தது. அப்படி ஓர் ஆண் அழுது நான் கேட்டதில்லை.

படியில் காலடி கேட்டது. வீட்டுக்காரம்மா ஈரக்கையோடு வாசலில் நின்றாள். "ஏனாயித்தம்மா? என்ன ஆச்சு? யாரு அழுறது?"

என் கை தானாகக் கதவைச் சாத்தப் போனது. ஒன்றுமில்லைங்க என்று வாய்வரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது பழகிப்போன பேச்சு.

"என் தம்பிங்க" என்றேன். "சாகப் பாத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகணும். கூட வர்றீங்களா?"

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ரீ! ஆட்டோ கரீரி!" என்று ஆட்டோ கூப்பிடச் சொல்லிக் கீழே புருஷனுக்குக் குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

தம்பி அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சுடா" என்றேன்.