கழற்றி வைத்த தொட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்டர்மீடியட்டில் பௌதிகம் படித்தவன் நான். சுடுகாட்டு வழியாகச் சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டே போவேன். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் இது நடந்தது அமாவாசை நடுநிசியில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில்.

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கப்பலேறியதும் அவர்கள் விட்டுப்போன சாமான்களெல்லாம் ஏலத்துக்கு வந்தன அல்லவா, அதில் வந்ததுதான் என் மோட்டார் சைக்கிள். பச்சைப் பெயின்ட், இடதுபக்கம் ஓர் ஆள் உட்கார ஒரு தொட்டி, அந்தத் தொட்டிக்குத் தனியாக ஒரு சக்கரம். வண்ணாரப்பேட்டையில் டிஸ்போசல் சாமான் கடை வைத்திருக்கும் என் தோஸ்து காசிம்தான் எடுத்துக் கொடுத்தான். வந்த நாளில் அதை வண்டி என்றே சொல்ல முடியாது. உதைத்தால் இருமும், இன்னொரு உதை உதைத்தால் என் கெண்டைக்காலைத் திருப்பி உதைக்கும்.

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் நகலெடுப்பது என் வேலை. சங்கு ஊதியதும் ராயபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஓடிவந்து வண்டியோடு உட்கார்ந்துவிடுவேன். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மாக்னெட்டோவின் பாயின்ட்டை அரத்தால் தேய்த்து, நடுவே சிகரெட் தாளை வைத்து, தாள் எந்தக் கணத்தில் விடுபடுகிறது என்று பார்த்து டைமிங் வைத்தேன். கிளட்ச்சில் தேய்ந்துபோன கார்க்குகளுக்குப் பதில் மருந்து பாட்டில் கார்க்குகளைச் சீவிப் பொருத்தினேன். அம்மாவின் இருமல் மருந்து ஒரு மாதம் துணியடைப்போடுதான் இருந்தது. படகுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயின்ட்டைக் கரையில் கேட்டு வாங்கி வந்து அடித்தேன். மூன்றாவது மாதம் அது தையல் மிஷின் மாதிரி ஓடியது, நம்பினால் நம்புங்கள், எதிர்வீட்டுத் தூளிக் குழந்தை அந்தச் சத்தத்தில் தூங்கியது.

மிச்சம் இருந்தது தொட்டி. அதோடு போனால் காய்கறி வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. வண்டி முழுசாக என்னுடையதாக வேண்டுமானால் அது போகவேண்டும் என்று கழற்றிக் காசிமிடம் கொடுத்து, பதிலுக்கு ஒரு ஹெட்லைட் கேட்டேன்.

"தொட்டிய கயட்டாத மாமு," என்றான் காசிம். "ரெண்டும் சண்டைலேந்து ஒண்ணா வந்துகீது."

"அப்ப ரெண்டுக்கும் நிக்காஹ் பண்ணி வெச்சிடு."

அவன் தலையில் அடித்துக்கொண்டே ஹெட்லைட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, தொட்டியைக் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் கூரை விட்டத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டான்.

அன்றிலிருந்து வண்டி இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. தொட்டி இருந்தபோது இழுத்திருந்தால் நியாயம், கழற்றிய பிறகு ஏன் இழுக்கவேண்டும், சொல்லுங்கள். நூல் பிடித்துப் பார்த்தேன், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில்தான் இருந்தன. ஆனாலும் இரண்டு தடவை சாக்கடையில் இறங்கினேன், ஒரு தடவை மீன்காரம்மாவின் கூடையில். மூன்று தடவையும் தள்ளிக்கொண்டுதான் வீடு வந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் நைனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாடா, நீ வண்டிய ஓட்றியா, வண்டி உன்ன ஓட்டுதா? ஞாயித்துக்கெழமை காத்திவாக்கம் போய் முனுசாமிகிட்ட எறா வாங்கினு வா. பன்னெண்டு மணிக்குள்ள எறா வூட்ல இருந்தா வண்டியும் வூட்ல இருக்கட்டும். இல்லாங்காட்டி யானைக்கவுனி பழைய இரும்புக் கடைக்குத்தான். காசிமேட்டுல வாங்கினு வந்து ஏமாத்தலாம்னு பாக்காத. முனுசாமி கூடைக்குப் போட்ற முடிச்சு எனக்குத் தெரியும்."

முனுசாமி நைனாவின் பழைய சிநேகிதர், காத்திவாக்கத்தில் உப்பங்கழியில் எறா பிடிப்பவர். கூடையின் வாயை அவர் வலைநூலால் கட்டும் முடிச்சை வேறு யாராலும் போட முடியாது என்று ஊரே சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சேர்த்துவைத்த ரேஷன் கூப்பன் பெட்ரோலை ஊற்றிக் கிளம்பினேன். வழி முழுக்க வலதுபக்கம் சாய்ந்து ஹாண்டிலோடு மல்லுக்கட்டி, தோள் கழன்றுவிடும் போலிருக்க, காத்திவாக்கம் ஈரமணலில் போய் இறங்கினேன். மணலில் ஸ்டாண்டு புதைந்துவிடும், பனைமரத்தில்தான் சாய்க்கவேண்டும். அதற்குள் முனுசாமி கூடையைத் திறந்து காட்ட, துள்ளுகிற எறாவைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டேன்.

"தம்பி," என்றார் முனுசாமி, "இன்னா இது, வண்டி தானா நின்னுகினு கீது?"

திரும்பினேன். ஸ்டாண்டு மேலே மடிந்திருந்தது. மரம் நாலடி தள்ளி இருந்தது. வண்டி நடுமணலில் நிமிர்ந்து நின்றது. இடதுபக்கமாகத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. முனுசாமி நான் வந்த வழியைக் காட்டினார்.

"ஒரு வண்டில வந்தியா, ரெண்டு வண்டில வந்தியா?"

ஈரமணலில் என் டயர் தடம். அதற்கு இடப்பக்கம் மூன்றடி தள்ளி, கூடவே, இன்னொரு தடம்.

பௌதிகத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கும், அன்றைக்கு நான் கிளாஸுக்குப் போயிருக்கமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முனுசாமி சிரித்துக்கொண்டே முடிச்சைப் போட்டார். நான் கூடையைப் பின்னால் காரியரில் வைத்துக் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

திரும்பும்போது வண்டி நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது. இழுப்பே இல்லை! ஒரு கையை விட்டுப் பார்த்தேன், சத்தம் போட்டுப் பாடினேன், எதிரே வந்த மாட்டுவண்டிக்காரருக்குச் சலாம் வைத்தேன். பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் இறங்கிப் பின்னால் திரும்பினால் காரியர் காலி. கயிறு நாலு சுற்றும் அப்படியே, அவிழாமல், வெறுமையைக் கட்டிக்கொண்டிருந்தது.

நைனா முதலில் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சொன்னா சொன்னதுதான்டா. நாளைக்கு இரும்புக் கடைக்காரன் வருவான்."

வண்டியின் பக்கத்திலேயே தெருவில் உட்கார்ந்துவிட்டேன். மருந்து பாட்டில் கார்க் வரைக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அப்போதுதான் காசிம் சைக்கிளில் வந்தான், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு. ஹாண்டிலில் ஒரு கூடை தொங்கியது.

"வெளையாட்டுக்கு ஒரு அளவு வாணாமா மாமு? கிடங்குல தொட்டிக்குக் கீய நாலு பூன நின்னுகினு கத்துது. ஏணி போட்டு ஏறிப் பாத்தா உள்ள இது! ஒரே பேஜாரு!"

"கிடங்கு பூட்டியிருந்ததா?"

"நேத்து நான்தான் பூட்னேன். சாவி என் இடுப்புல கீது."

நைனா கூடையை வாங்கி முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே எறா துள்ளிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

"எறா வந்துச்சு, பன்னெண்டுக்குள்ள வந்துச்சு," என்றார். "எப்டி வந்துச்சுன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத."

சாப்பிடக்கூட நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு காசிமோடு கிடங்குக்கு ஓடினேன். தொட்டி விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சக்கரத்திலிருந்து கறுப்புக் கழிச்சேறு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்து ஹெட்லைட்டைக் கழற்றிக் காசிம் கையில் கொடுத்தேன், அவன் கயிற்றை அவிழ்த்தான்.

இப்போது தொட்டிக்கும் நீலப் பெயின்ட்தான். அம்மா அதில் உட்கார்ந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு ராணி மாதிரி போய்வருகிறாள். வண்டி இழுப்பதில்லை, இருமுவதில்லை, என்னை உதைப்பதுமில்லை.

ஒன்றுதான். தொட்டி வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், தொட்டியில் ஆளில்லாமல் இடதுபக்கம் வேகமாகத் திரும்பினால் தொட்டிச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். பிற்பாடு தானும் ஒரு தொட்டி வண்டி எடுத்த காசிம் அதற்காகவே தொட்டியில் மணல் மூட்டை வைத்திருக்கிறான். நான் வைப்பதில்லை. எத்தனை வேகத்தில் திரும்பினாலும் என் தொட்டி ஒரு தடவைகூட எழும்பியதில்லை. தனியாகக் கிளம்புகிற நாட்களில் எஞ்சினை உதைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா காத்திருப்பேன். தொட்டியின் ஸ்பிரிங் கிரீச்சென்று ஒரு விரற்கடை கீழே இறங்கும். அதற்கப்புறம்தான் கியர் போடுவேன்.