சிசி அண்ணன் போட்ட பதில்

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்டோர் பொறுப்பாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற இடத்திலெல்லாம் அவர் சிசி அண்ணன். இரண்டாம் மாடிக் கழிப்பறையில் ஒரு பல்பு போய்விட்டால், அதை மாற்றச் சொல்லி அவர் எழுதும் மின்னஞ்சல் பராமரிப்புப் பிரிவுக்குப் போகும். கூடவே சிசியில், அதாவது எல்லார் கண்ணுக்கும் தெரிகிற நகலாக, பெரிய டாக்டர் தொடங்கி வாசல் காவலாளிகளின் தலைவர்வரை பதினோரு பேருக்குப் போகும். ஒரு பல்புக்குப் பதினோரு சாட்சியா என்று யாராவது கேலி செய்தால் மனிதர் அசரமாட்டார்.

"நாளைக்கு ஒருத்தரும் எனக்குத் தெரியாதுன்னு கைய விரிக்கக் கூடாது பாருங்க. எல்லாரையும் சிசியில போட்டுட்டா என் தலை தப்பிச்சுது."

அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையுறைப் பெட்டிகள் நனைந்து வந்திருக்கின்றன என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். கேட்டவர்கள் அத்தனை பேரும் பிறகு, அப்படி ஒன்றும் கேட்டதாக நினைவில்லை என்றார்கள். பழி இவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எதையும் எழுத்தில்தான் சொல்வது, நாலு பேர் பார்க்கத்தான் சொல்வது என்று ஆகிவிட்டார். இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடியது. மின்னஞ்சல் என்றால் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்றுகூட அவருக்கு ஒரு நினைப்பு உண்டு.

அடித்தளத்தில் ஸ்டோரும் லாண்டரியும் எதிரெதிர். லாண்டரிக்கு மேற்பார்வையாளராக இருந்த பெண்ணை ஆஸ்பத்திரி முழுக்க லாண்டரி அக்கா என்று கூப்பிடும். இவர் மட்டும் தங்கச்சி என்பார். மத்தியானம் இயந்திரங்கள் ஓய்கிற கால் மணி நேரம் அவள் ஸ்டோருக்குள் வந்து, பஞ்சு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் முக்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளமாட்டார்கள். அவள் கணவன் அதே ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். மின்சாரத்தோடு விளையாடுவானே தவிர, வீட்டில் யாருக்காவது லேசாகக் காய்ச்சல் அடித்தால் தெருவையே கூட்டிவிடுகிற ஆள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் டீ நேரத்துக்கு முன்பே வந்தாள். வலது கைப் பெருவிரலை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் மருந்தும் துணியும் குடுங்க. துவைக்க வந்த படுக்கை விரிப்புல ஊசி இருந்திருக்கு. ஏறிடுச்சு."

எதிரே லாண்டரி வாசலில் பிரித்துக் கிடந்த மூட்டையை அவரும் எட்டிப் பார்த்தார், மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. யாருக்குக் குத்திய ஊசி, அவருக்கு என்ன நோய், ஒன்றும் தெரியாது. சிசி அண்ணன் மருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அன்றைக்கே வெளியில் ஒரு மருத்துவரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, மாத்திரையும் வாங்கி வந்தாள். முடிவாகத் தெரிய மூன்று மாதம் ஆகும் என்றார்களாம்.

"இங்க யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணே. அவருக்கும் இன்னும் சொல்லல. சொன்னா அந்த மனுஷன் சாப்பிடமாட்டாரு, தூங்கமாட்டாரு. முதல் ரிசல்ட் வரட்டும், நேரம் பாத்து நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

"என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது தங்கச்சி" என்றார் அவர். உண்மையாகவே சொன்னார். அதுதான் பின்னால் அவரைத் தின்றது.

வெள்ளிக்கிழமை அவள் பெரிய டாக்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். படித்துப் படித்துத் திருத்தியிருப்பாள் போலிருக்கிறது, அத்தனை நிதானம். துவைக்க வரும் துணிகளில் அண்மையில் ஊசிகள் இருக்கின்றன, துவைக்கும் இயந்திரத்தின் வடிகுழாயிலும் இரண்டு சிக்கின, எல்லா மாடிகளுக்கும் பொதுவாக ஓர் அறிவுறுத்தல் தர வேண்டுகிறேன். அவ்வளவுதான். எந்த மாடி என்று இல்லை. யார் கையில் ஏறியது என்று இல்லை. சிசியில் ஒவ்வொரு மாடியின் தலைமை நர்ஸும், குழாய் விஷயம் இருந்ததால் பராமரிப்புப் பிரிவும் இருந்தன. சிசி அண்ணன் பெயர் இல்லை. அவருக்கு மட்டும் பிசிசியில், மற்றவர் யாருக்கும் தெரியாத நகலாக, ஒன்று அனுப்பியிருந்தாள். அன்றைக்கு மூட்டையைக் கண்ணால் பார்த்த ஆள், நாளைக்குத் தேவைப்பட்டால் கையில் ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்று.

பஞ்சுச் சுருளைக் கையில் எடுத்தால் அதன் தயாரிப்பு எண், காலாவதித் தேதி, மூலையில் இருக்கும் பொடி எழுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பவர், அந்த மின்னஞ்சலின் மேலே யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தன் பெயர் அதில் இல்லாதது தெரிந்திருக்கும். சிசியைக் கரைத்துக் குடித்தவருக்குப் பிசிசி இன்னதென்றே தெரியாது. அதுவும் ஏதோ இன்னொரு நகல் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அதைப் படிக்கப் படிக்க அவருக்குப் பொங்கியது. என்ன பெண் இவள், இப்படிப் பூசி மெழுகி எழுதினால் எவன் அசைவான்? நாம் ஒரு வார்த்தை சொன்னால்தான் காரியம் நடக்கும். எல்லாருக்கும் பதில் என்கிற பொத்தானை அழுத்தினார். அழுத்திப் பழகிய விரல், அதன் போக்கில் போனது.

"ஐயா, மேற்படி விஷயம் முற்றிலும் உண்மை. நானே கண்ணால் கண்டேன். கடந்த செவ்வாயன்று மூன்றாம் மாடித் துணியில் இருந்த ஊசி லாண்டரி மேற்பார்வையாளரின் கையிலேயே ஏறிவிட்டது. பயந்துபோய் வெளியில் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார். பாவம், கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இனியும் தாமதிக்கலாமா?"

அனுப்பிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

பராமரிப்புப் பிரிவுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அவள் கணவனையும் சேர்த்து ஏழு பேர் அதில்தான் மின்னஞ்சல் பார்ப்பார்கள். அன்றைக்கு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் படித்துவிட்டு, எழுந்து, எலக்ட்ரீஷியனுக்கு இடம் விட்டாராம். பத்து நிமிஷத்தில் அந்த மனிதன் இடுப்பில் கட்டிய ஸ்குரூடிரைவர்கள் கலகலக்கப் படிகளில் ஓடிவரும் சத்தம் ஸ்டோருக்குக் கேட்டது. சிசி அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். லாண்டரி வாசலில், ஈரத் துணி வண்டிகளுக்கு நடுவில், அவன் மனைவியின் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை செய்கிற ஆறு பெண்களும் அப்படியே நின்றார்கள்.

"ஸ்டோர்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா?" என்று கேட்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

சிசி அண்ணன் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்ணிடம் ஓடினார், போனதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று. அவள் திரையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சார், இது உங்களுக்கு பிசிசியில வந்திருக்கு. உங்களுக்கு வந்ததே அவங்க யாருக்கும் தெரியாது. நீங்க பேசாம இருந்திருந்தா நீங்க இதுல இருக்கீங்கன்னே தெரிஞ்சிருக்காது. சிசியில போட்டா அந்த ஆளுக்கும் தெரியட்டும், அவருக்குத் தெரியும்னு மத்தவங்களுக்கும் தெரியட்டும்னு அர்த்தம். பிசிசியில போட்டா உங்களை நம்பி தனியா குடுத்து வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதுக்குப் போய் யாராவது எல்லாருக்கும் பதில் போடுவாங்களா?"

"இப்ப திருப்பி எடுக்க..."

"எல்லாரும் படிச்சிட்டாங்க சார்."

அவர் அங்கேயே உட்கார்ந்து, தான் செய்தது தவறு, மன்னிக்கவும் என்று வேகவேகமாகத் தட்ட ஆரம்பித்தார். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். மேலே வழக்கம்போல அத்தனை பேருடைய முகவரியும் வரிசையாக நின்றது. "சார், மறுபடியும் எல்லாருக்குமா?" என்றாள். இருபத்தாறு வருஷ அனுபவசாலி, காது மடல் சூடேற, ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாக்கு என்ன செய்யும், விரல் செய்த வேலை.

வீட்டில் போய் மனைவியிடம் சொன்னார். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"ஒருத்தி உங்களை நம்பி ஒண்ணு சொன்னா, அது என்ன உங்க ஸ்டோர் சாமானா? வர்றவங்களுக்கெல்லாம் எடுத்து நீட்டுறதுக்கு?"

அவர் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தார். அவள் வற்புறுத்தவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் லாண்டரிக்குப் போனார். அவள் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்தில் மன்னிப்பைக்கூட உரக்கத்தான் கேட்க வேண்டியிருந்தது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால் அவளுக்குக் கேட்கவில்லை.

"தெரியாம பண்ணிட்டேன் தங்கச்சி. உனக்கு நல்லது செய்றதா நெனச்சு..."

"உங்களுக்குத் தனியாதான அனுப்புனேன்? மேல உங்க பேரு இருக்கான்னு பாக்கலையா?"

"பாக்கல."

"ஊசிய விடுங்க. அவருகிட்ட சொல்லலங்கறத ஏன் எழுதுனீங்க?"

படிக்கிறவர்கள் மனம் இளகட்டும் என்றுதான் எழுதினார். அடுத்தவள் வாழ்க்கையை எடுத்துப் பரிமாறி இரக்கம் சம்பாதிக்கப் பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் அடுத்த விரிப்பை உதறினாள். அவர் வந்த வழியே திரும்பினார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெரிய டாக்டர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் இவரைப் போலத் தைரியமாகப் பேச வேண்டும் என்று பாராட்டினார். கை தட்டினார்கள். மூன்றாம் மாடித் தலைமை நர்ஸ் மட்டும் தட்டவில்லை. லாண்டரி அக்கா தட்டினாள். நாலே நாலு தட்டு, சபை மரியாதைக்கு. அந்த நாலும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. ஒவ்வொரு மாடியிலும் பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கக் கெட்டியான மஞ்சள் பெட்டி வைக்க உத்தரவானது. அவற்றை வரவழைத்து எண்ணி அனுப்பியவரும் இவர்தான். அதன்பிறகு துணியில் ஓர் ஊசிகூட வரவில்லை. பார்த்தீர்களா, உங்களால்தான் என்று யாராவது சொன்னால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இன்னொரு பக்கம் நடந்ததையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேன்டீன்காரர் அவளுக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ கொடுக்கத் தொடங்கினார். அவள் ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தாள். ஒரு நர்ஸ் லிஃப்டில் அவளோடு ஏறாமல் படியில் போனாள். கணவனிடம் சொல்லாததைப் எதிர் அறைக்காரரிடம் சொல்லுகிற அளவுக்கு அப்படி என்ன பழக்கமோ என்று ஒரு பேச்சு கிளம்பி, கொஞ்ச நாள் சுற்றி, அடங்கியது. எலக்ட்ரீஷியன் ஸ்டோருக்கு வந்தால் வேண்டிய சாமானின் பெயரைத் தவிர வேறு ஒரு சொல் பேசமாட்டான். அவள் முக்காலிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சோப்புத் தூள் வேண்டுமென்றால் ஜன்னலில் சீட்டை நீட்டி, நின்றபடியே வாங்கிப் போவாள்.

பெரிய டாக்டர், இனி அவளுடைய பரிசோதனையெல்லாம் நம் ஆஸ்பத்திரி லேபிலேயே நடக்கட்டும் என்று அக்கறையோடு சொல்லியிருந்தார். முதல் இரண்டும் சுத்தமாக வந்தன. கடைசி ஒன்றுதான் பாக்கி. சிசி அண்ணன் நாள்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். கும்பிடத் தெரிந்த விதத்திலெல்லாம் கும்பிட்டார். அது நல்லபடியாக வந்துவிட்டால் தான் செய்தது பாதியாவது கரைந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

வந்துவிட்டது. ஒன்றுமில்லை, அவளுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. துப்புரவுப் பெண் காலையிலேயே ஸ்டோர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். சிசி அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைப் பாதி சாத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதினோரு மணி வாக்கில் லாண்டரி அக்கா சீட்டோடு ஜன்னலுக்கு வந்தாள். மூன்று மாதம் கழித்து அவர் துணிந்து வாயைத் திறந்தார்.

"ரிசல்ட் நல்லபடியா வந்திருக்காமே தங்கச்சி. இப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காலையிலேயே. ஒம்பதரை இருக்கும்."

"எனக்குப் பத்தேகாலுக்குத்தான் தெரியும்" என்றாள்.

அவர் சீட்டை வாங்கி, சோப்புத் தூள் மூட்டையை ஜன்னலுக்குத் தள்ளினார்.

"லேப்ல இருந்து அவருக்குப் போன் பண்ணிட்டாங்க. நல்லது செய்றோம்னு நெனச்சிருப்பாங்க. அவரு சந்தோஷத்துல மாடி மாடியாச் சொல்லிட்டு, கடைசியா என்கிட்ட வந்தாரு." மூட்டையை இழுத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இந்த நல்ல சேதியவாவது என் வாயால அவருகிட்ட சொல்லணும்னு மூணு மாசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணே."

சீட்டில் கையெழுத்துப் போட்டு, தன் பிரதியை வாங்கிக்கொண்டு போனாள். அவர் மூட்டையைப் பிடித்துவிடக்கூடக் கை நீட்டவில்லை.