அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள்

இன்று காலை புதுப்பட்டினத்தில் ஒரு லேபில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பெயருக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள். வயது அறுபது, சர்க்கரை நானூறு. அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார கன்னியம்மா அக்காவுக்கும் அதே வயது. அவர் ரிப்போர்ட்டிலும் அதே கேள்விக்குறிகள், சர்க்கரை நூறு.

"ஒண்ணியும் இல்ல, வூட்டுக்குப் போன்னுட்டாங்கமா. ஆனா தல சுத்திக்கினே கீது," என்றார்.

கவுண்ட்டரில் இருந்தவர் நிமிரக்கூட இல்லை. "பேரைத் தமிழ்ல டைப் பண்ணா அப்டித்தான் வரும் மேடம். இங்கிலீஷ்ல போட்ருக்கணும்."

அங்கேயே அக்காவின் விரலில் குத்திப் பார்க்க வைத்தேன். நானூற்றுப் பத்து. இரண்டு ரிப்போர்ட்டும் மாறிப்போயிருந்தன. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

எனக்குச் சோறு போடுவதே டேட்டாபேஸ் வேலைதான். அதனால் லேபுக்கு அந்த சாஃப்ட்வேரை விற்றவரை போனில் பிடித்தேன்.

"பேரைச் சேமிக்கிற டேபிளை, தமிழ் எழுத்தை ஏத்துக்கற யூனிகோடுக்கு மாத்தாமலா வித்தீங்க?"

"மாத்திடலாம் மேடம். இதுவரைக்கும் யாரும் கேக்கலியே."

மாற்றினாலும் பழைய பெயர்கள் திரும்பாது. கேள்விக்குறியாகச் சேமித்த நொடியே அவை அழிந்துவிட்டன. அந்த லேபில் இன்னும் எத்தனை பேர் வேறொருவருடைய மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை.

தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு 'யாரும் கேக்கலியே' என்றவரை என்ன சொல்லித் திட்டலாம்? கமெண்ட்டில் தமிழிலேயே எழுதுங்கள். இங்கே எழுத்து கேள்விக்குறியாகாது.