சிமெண்டு வைக்காத வேலிக்கால்

அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்கக் கொடுத்தபோது, அச்சகத்தார் தாமாகவே “இறைவனில் இளைப்பாறுகிறார்” என்று போட்டுக் கொண்டுவந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்குத் தெரியாத ஒரே வேலை இளைப்பாறுவதுதான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தே இருக்கும். அந்தக் குணத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. அட்டையோடு சேர்த்துக் கொடுக்கும் இந்தக் கட்டுரையையே எழுந்து எழுந்து போய்த்தான் எழுதுகிறேன்.

அப்பா சுங்கை ஊடாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தம் தங்கையை, அதாவது எங்கள் அத்தையை, அவரே வளர்த்து ஆளாக்கினார். தோட்டம் கைமாறி லயன்களை உடைத்தபோது, எண்ணெய் ஆலையில் சாரம் கட்டும் குத்தகை வேலைக்குப் போனார். உயரத்தில் ஏறி, வெயிலில் காய்ந்து சம்பாதித்ததில்தான் தங்கா பத்துவில் இந்தப் பலகை வீட்டை வாங்கினார். என்னைப் படிக்கவும் வைத்தார். ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார், ஆனால் உள்ளே உட்காரமாட்டார். வெளியே நின்று கார்களை ஒழுங்குபடுத்துவார். சாமியாரும் கண்டுகொள்வதில்லை.

அம்மா புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பல வருடம் உழைத்தவர். மறதி நோய் முற்ற முற்ற, மத்தியானமானால் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். கேட்டைப் பூட்டி வைத்தோம். உடனே பக்கத்திலிருந்த வேலிக்காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டத் தொடங்கினார். அடியில் ஏற்கனவே மக்கியிருந்த மரம் அது. ஒருநாள் முறிந்து சாய்ந்தது. அம்மா கம்பியைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கே போய்விட்டார்.

அப்பா சும்மா விடுவாரா? மக்கிய அடியை அறுத்தெடுத்தார். கெட்டியான புதுக்கட்டையை அணைத்து வைத்து போல்ட் போட்டு இறுக்கினார். மண்ணுக்குள் போகும் பகுதிக்குக் கறுப்பு எண்ணெய் பூசி, குழியில் சிமெண்டு ஊற்றி நிறுத்தினார். மறுநாள் அம்மா வந்து பிடித்தார். மரம் அசையவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தார். அதன்பின் அவர் போட்ட சத்தத்தை என்னால் மறக்கவே முடியாது. எதிரில் நிற்பது தம் கணவர் என்றுகூடத் தெரியாமல், “என்னைய ஏன் அடச்சு வச்சிருக்கீங்க? நான் என்ன பண்ணேன்?” என்று கேட்டுக் கேட்டு அழுதார். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையிலேயே அப்பா கடப்பாரையை எடுத்துவந்து, தாம் ஊற்றிய சிமெண்டைத் தாமே உடைத்தார். குழியில் கல்லும் மண்ணும் மட்டும் போட்டு மிதித்தார். அத்தைக்கு வந்ததே கோபம்.

“பைத்தியமாண்ணே உனக்கு? அண்ணி மறுபடி வெளிய போயிரும்லா.”

அப்பா நிமிரவில்லை. “ஆடட்டும்லா. ஆடுச்சுன்னா தொறந்துரும்னு நெனச்சு ஆட்டிக்கிட்டு இருப்பா. ஆடலன்னா அவளுக்கு இது ஜெயிலு.”

அவர் சொன்னபடிதான் நடந்தது. பெரும்பாலான நாட்களில் அம்மா ஆட்டிக் களைத்துத் தாமாக உள்ளே வந்துவிடுவார். சாயங்காலம் அப்பா மண்ணை மறுபடி மிதித்து இறுக்குவார். எப்போதாவது மரம் சாய்ந்து அம்மா வெளியேறினால், அப்பா கூப்பிடமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடப்பார். பஸ் நிற்குமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இன்றைக்கு லீவு போலிருக்கிறது என்பார். அம்மாவும் சரியென்று திரும்பிவிடுவார்.

நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் கிடந்த கடைசி நாட்களிலும் அப்பா எழுந்து உட்காரவே பார்த்தார். வேலிக்காலுக்கு யார் மண் மிதிக்கிறார்கள் என்பதே கேள்வி. நான்தான் என்றேன். நன்றாக மிதிக்கிறாயா என்றார். மறுநாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

இந்த ஒரு வருடத்தில் போல்ட் போட்ட இடத்தில் மரம் பிளந்துவிட்டது. இரும்புக்கால் வைத்து சிமெண்டு ஊற்றச் சொல்கிறார் அத்தை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பகலில் அம்மாவோடு இருப்பவர் அவர்தான். முட்டிவலியோடு பின்னால் ஓட முடியாது. நான் வேலையிலிருந்து வருவதற்குள் அம்மா லாரி போகும் ரோட்டில் நின்றால்? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆபீசில் போன் அடித்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன். போன வாரம் இரும்புக் கடை வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்து, பிளந்த பகுதியை அறுத்தெறிந்துவிட்டுப் புதுக்கட்டை வைத்து, மண்ணைப் போட்டே மிதித்தேன். அத்தை அன்று என்னோடு பேசவில்லை.

அப்பாவின் இறுதிச் சடங்கில் கூடாரம் போட்டுக் கொடுத்து, செபமாலை சொல்லி, சமைத்துக் கொண்டுவந்து எங்களைத் தாங்கிய கோயில் மக்களுக்கும், உறவினர்களுக்கும், மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும், அம்மாவுக்காகச் சலிக்காமல் உடனிருக்கும் அத்தைக்கும் எங்கள் நன்றி. கூடவே ஒரு வேண்டுகோளும் உண்டு. தங்கா பத்து பக்கம் போகும்போது, கைப்பை மாட்டிக்கொண்டு வயதான பெண்ணொருவர் தனியாக நடந்து போவதைக் கண்டால், அது எங்கள் அம்மாதான். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். அதுவரை கூட நடங்கள். லாரி வரும் பக்கம் நீங்கள் நடங்கள். அப்பா எப்போதும் அந்தப் பக்கம்தான் நடந்தார்.