தாமத அறுவடை

எண்பதுகளில் செஞ்சி விதைச் சான்று ஆபீசில் நான் உதவியாளர். சான்றுக்குப் பதிவு செய்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வயலை ஆபீசர் கடைசியாக ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிடுங்கலாம். அது ரூல். எழுதியவர் ஐப்பசி மழையைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

தளவானூர் அப்பாண்டை நயினார் இரண்டு ஏக்கர் பதிவு செய்திருந்தார். சான்று கிடைத்து மூட்டையில் நீல அட்டை கட்டினால்தான் அது விதை. இல்லாவிட்டால் எண்ணெய்க்குப் போகும் சரக்கு. அடுத்த பட்டத்துக்கு ஊரே அவர் விதையை நம்பியிருந்தது. ஒருநாள் காலையில் நனைந்துகொண்டே ஆபீசுக்கு வந்தார்.

"சார், காய் முத்திடுச்சு, மழ புடிச்சுக்கிச்சு. ரெண்டு நாள் உட்டா மண்ணுலயே மொளச்சிடும். புடுங்கிடட்டா?"

"கையெழுத்து இல்லாம புடுங்கினா சான்று கெடையாது நயினாரே. ஆபீசர் வரட்டும், பொறுங்க."

பொறுக்கச் சொன்னேன், பெரிய மகான் நான்! மாவட்ட ஆபீசில் இருந்த ஆபீசரின் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. பஸ்ஸிலாவது வாருங்கள் என்று போன் போட்டேன். "பஸ்ஸுல வர்றதுக்கு நான் இன்னா கண்டக்டரா?" என்றார். பக்கத்து வயல் நயினாரின் தம்பியுடையது. பதிவு கிதிவு எதுவும் இல்லாத அவர் அன்றைக்கே பிடுங்கி வீடு சேர்த்துவிட்டார். நயினார் மட்டும் ரூலை மதித்து வரப்பில் நின்றார்.

ஆறாம் நாள் ஜீப் வந்தது. நயினார் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக முளை. ஆபீசர் வயலில் இறங்கக்கூட இல்லை.

"எழுதுய்யா. தாமத அறுவடை. விவசாயியின் கவனக்குறைவு. நிராகரிக்கப்படுகிறது."

ஃபாரத்தில் எழுதினேன். நயினார் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

"நானா சார் லேட்டு?"

ஆபீசரைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

ரூலை மாற்றச் சொல்லி மனு மேல் மனு போட்டேன். காலத்துக்கேற்ப விதிகளைத் திருத்த ஒரு கமிட்டி போட்டார்கள். நயினார் வயலில் எடுத்து நான் காயவைத்திருந்த முளைவிட்ட காய்களை அவர்கள் மேஜையில் கொட்டினேன். "சாம்பிளை கவர்ல போட்டு சீல் வச்சு கொண்டு வரணும்னு தெரியாதா?" என்றார் தலைவர். முதல் திருத்தமாக, இரண்டு பிரதி எழுதிய ஃபாரத்தை ஐந்து பிரதி எழுதச் சொன்னார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

மூன்று வருஷம் கழித்துத்தான் உருப்படியான திருத்தம் வந்தது. தகவல் கொடுத்து இரண்டு நாளில் ஆபீசர் வராவிட்டால் உதவியாளரே பார்த்துக் கையெழுத்துப் போடலாம். ஆர்டரை எடுத்துக்கொண்டு தளவானூருக்கு ஓடினேன். நயினார் வயலில் கரும்பு நின்றது. கவனக்குறைவு என்று எழுதியதால் விதை உற்பத்தியாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எப்போதோ நீக்கியிருந்தார்கள். புது ரூல் பழைய ஃபைலைத் தொடாதாம்.

ஆர்டரை முழுதும் படித்தார். "நல்லா இருக்குது சார். அன்னிக்கி எம் பேருல எழுதினத அடிச்சிட்டாங்களா?"

இல்லை என்றேன். மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரூல் எழுதியவனை இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த ஃபாரத்தில் இருப்பது அவன் எழுத்தில்லை, என் எழுத்து. மேலே இருப்பவர் சொல்லச் சொல்ல எழுதும்போது, அது பொய் என்று தெரிந்தால் பேனாவை மூடிவிடுங்கள். நான் மூடவில்லை.