பாதி மீசைக்குப் போட்ட மருதாணி

விதை நெல் மூட்டையில் அரசாங்கச் சீட்டு தொங்கினாலும், ஒரு பிடி எடுத்து ஈரச்சாக்கில் கட்டி முளைக்கவிட்டுப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் என் மனைவி ஒரு மருதாணிப் பொடிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். ‘முற்றிலும் இயற்கை, பத்தே நிமிடத்தில் கருமை’ என்று போட்டிருந்தது.

எனக்கு அங்கேயே உதைத்தது. எங்கள் வாய்க்கால் வேலியில் இருக்கிற மருதாணியை எத்தனை நேரம் வைத்தாலும் சிவப்புதான் வரும். இது எந்த ஊர் இலை?

“ஞாயித்துக்கிழமை நம்ம பொண்ணுக்குத் தட்டு மாத்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. நான் நரைச்ச தலையோட நிக்கணுமா?” என்றாள்.

“போன தடவை டை அடிச்சு, கண்ணு ரெண்டும் வீங்கி, மூணு நாள் என்னையே யாருன்னு கேட்டியே, மறந்துடுச்சா?”

“அது டைங்க. இது மருதாணி. உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?”

புதுப் பூச்சிமருந்து வந்தால் முதலில் வயலின் ஒரு மூலையில் மட்டும் அடித்துப் பார்ப்போம். அதே முறையைக் கடைப்பிடித்தேன். கையில் தடவிப் பார்த்திருக்கலாம். அறிவாளியாயிற்றே! முடியில்தானே சோதிக்க வேண்டும் என்று, என் வெள்ளை மீசையின் இடது பாதியில் பூசினேன். பத்து நிமிடத்தில் தார் ரோடு மாதிரி கறுத்துவிட்டது.

மறுநாள் காலை மேலுதடு பணியாரமாக உப்பியிருந்தது. மனைவியிடம் காட்டினேன். என் விளையாட்டையெல்லாம் வருடக்கணக்காகப் பார்த்தவள். “வாய்க்குள்ள என்னத்த அடக்கி வச்சிருக்கீங்க?” என்று விரலை விட்டுத் தேடினாள். ஒன்றும் கிடைக்காத பிறகுதான் பாக்கெட் குப்பைக்குப் போனது. வேலியில் இலை பறித்து அரைத்து, டீத்தண்ணீர் விட்டு இரும்புச் சட்டியில் ஊறவைத்து, சனிக்கிழமை தலைக்குப் போட்டுக்கொண்டாள். நரை இருந்த இடமெல்லாம் செங்கல் நிறம்.

எனக்கோ பாதி கறுப்பு, பாதி வெள்ளை. வீக்கம் வடிந்ததும் மீசையை முழுதாக மழித்துவிட்டேன். அங்கேதான் புத்தி கெட்டது. எங்கள் பக்கத்தில் மீசை வைத்தவன் திடீரென்று அதை எடுத்தால், வீட்டில் பெரிய சாவு என்று அர்த்தம். தீட்டு வீட்டில் யாரும் தட்டு மாற்ற மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறையிலிருந்து வேனில் வந்திறங்கிய மாப்பிள்ளையின் அப்பா, என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றார். பெண் பார்க்க வந்தபோது என்னை மீசையோடு பார்த்தவர்.

“சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. வீட்ல ஏதும் துக்கமா? எங்ககிட்ட மறைக்கிறீங்களா?”

பழத்தட்டுகள் வேனைவிட்டு இறங்கவில்லை. கதவிடுக்கில் என் மகளின் முகம் வெளுத்துத் தெரிந்தது. நடந்ததை அப்படியே சொன்னேன். உண்மை பேசும்போதுதான் நான் புளுகுகிற மாதிரி இருக்கும்.

“பாதி மீசைக்கு மருதாணியா?” என்று அவர் கேட்ட தோரணையில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

செங்கல் நிறத்தை மறைக்கத் தலைகொள்ளாமல் பூ வைத்திருந்த மனைவி விறுவிறுவென்று வந்தாள். எல்லார் முன்னாலும் பூச்சரத்தை ஒதுக்கினாள்.

“அண்ணே, நல்லாப் பாருங்க. சாவு விழுந்த வீட்ல எவளாவது மருதாணி போட்டுக்குவாளா? நேத்து போட்டது, இன்னும் வாசம்கூடப் போகல.”

மாப்பிள்ளையின் அம்மா நெருங்கி வந்து, அவள் தலையை முகர்ந்து பார்த்தார்.

“பச்சை இலைதாங்க,” என்றார் கணவரிடம். “செருப்பைக் கழட்டுங்க.”

தட்டு மாறியது. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த சம்பந்தி மட்டும், பாயசம் வரும்வரை என் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.